ரோலி பிழையில்லாமல் வாசித்த ஞாயிறு

ரோலண்ட் டீஸ்டேலுக்கு பேஸ் கிதார் வாசிக்க வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஹாகில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்த லின்னும், தபால்காரனான அவள் கணவன் ஜெஃபும் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு ஆரம்பித்தார்கள். லின் பாடுவாள், ஜெஃப் கிதார் வாசிப்பான். பேஸ் வாசிக்க ஆள் அகப்படவில்லை. ஒருநாள் லின் நேராக ரோலண்டின் பால்பண்ணைக்கு வந்து, கறவை நடந்துகொண்டிருந்த கொட்டகையின் நடுவில் நின்றாள்.

"நாலே நாலு கம்பிதான் ரோலி. உன் மாட்டுக்கும் நாலு காம்புதானே? விரல் ஏற்கனவே பழகியிருக்கும்."

"மாடு பால் குடுக்கும். அது என்ன குடுக்கும்?"

"பீர் குடுக்கும். வாசிக்கிறவங்க பீருக்குக் காசு தர வேண்டாம்னு பப் நடத்துற டோரீன் சொல்லிட்டா."

அப்படித்தான் ரோலி சேர்ந்தார். டிரம்ஸுக்கு கென் பிர்கெட் வந்தான். கென் ரோலியைவிடப் பத்து வயது இளையவன். சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வாய்க்கால் வெட்டுவதும் சாண மேட்டை அள்ளுவதுமாகப் பிழைத்தவன். குழுவுக்கு 'ஈர ஆடுகள்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மலையடிவாரத்தில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை. வேறு பெயர் வைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், டோரீனின் 'பொதிக்குதிரை' பப்பில் கச்சேரி. முந்நூறு வருடப் பழைய கட்டடம். உத்தரம் அவ்வளவு தாழ்வு. உயரமான ஜெஃப் தலையைச் சாய்த்துக்கொண்டே வாசிப்பான். கணப்பு அடுப்புக்குப் பக்கத்து மேஜைகளை நகர்த்தினால் கிடைக்கும் இடம்தான் மேடை. கென் தன் டிரம்ஸை அடுக்கியபின் கழிப்பறைக்குப் போகும் வழி பாதி அடைபட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிழவர்கள் வரிசையாக எழுந்து, கென்னின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு போவார்கள். "சீக்கிரம் போங்கய்யா, அடுத்தது நீளமான பாட்டு," என்று லின் மைக்கிலேயே அவசரப்படுத்துவாள்.

ரோலி கென்னுக்குப் பக்கத்தில், பின்வரிசையில், அசையாமல் நிற்பார். பாடமாட்டார், சிரிக்கமாட்டார். ஒவ்வொரு கச்சேரியிலும் ஓரிடத்திலாவது தப்பாக வாசிப்பார். காது கேட்காதவனுக்குக்கூடத் தெரிகிற மாதிரி தப்பு. லின் உடனே பாட்டை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, "மன்னிக்கணும், நம்ம ரோலி கொஞ்சம் மேயப் போயிட்டார்," என்பாள். பப் முழுக்க ஆரவாரம் செய்யும். அந்தத் தப்புக்காகக் காத்திருக்கிறவர்கள்கூட உண்டு. ரோலியின் காது மடல் சிவந்துபோகும். அவர் மனைவி ப்ரெண்டா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். இப்படியே இருபது வருடம் போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு வசந்தத்தில் கோமாரி நோய் வந்தது. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் ஆரம்பித்து, பண்ணை பண்ணையாக மேலே ஏறியது. நடைபாதைகளைக் கயிறு கட்டி மூடினார்கள். ஒவ்வொரு வாசலிலும் மருந்தில் நனைத்த வைக்கோல் போட்டிருந்தது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றுபோனது. பப்பில் டோரீன் மட்டும் அடுப்பை மூட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ரோலியின் மாடுகளுக்கு நோய் வரவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த பண்ணையில் ஆடுகளுக்கு வந்தது. வந்த இடத்துக்குச் சுற்றிலும் இருப்பதையும் கொன்றுவிட வேண்டும் என்பது அப்போதைய உத்தரவு. அரசாங்கத்திலிருந்து ஒரு இளம் கால்நடை மருத்துவர் வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள்.

"கேட்டைப் பூட்டுங்க," என்றாள் ப்ரெண்டா, அந்தப் பெண் வெளியே போனதும். "அந்தக் கீழ்ப்பண்ணைக்காரர் பூட்டினார் இல்ல? விடாதீங்க. நோயில்லாத மாட்டை எதுக்குக் கொல்லணும்?"

"பூட்டினா போலீசோட வருவாங்க."

"வரட்டுமே!"

ரோலி பூட்டவில்லை. கொட்டகைக்குப் போனார். பால் சேகரிக்கும் அறையில் சுவரோடு ஒரு தொலைபேசி இருந்தது. முந்தின இரவு தொலைக்காட்சிச் செய்தியில், யாரோ ஒருவர் பண்ணையில், வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் செத்த மாட்டை ஒற்றைக் காலில் சங்கிலி கட்டி இழுத்துப்போவதைக் காட்டியிருந்தார்கள். ரோலி கென்னை அழைத்தார்.

"கென், நீ வரணும்."

கென்னுக்கு எதற்கென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. "அண்ணே, அந்த வேலைக்கு என்னையும் கேட்டாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் முடியாதுதான்."

"என் மாட்டுக்கு மட்டும் வா. எவனோ வந்து குப்பை மாதிரி தூக்கிப் போடுவான். நீ பார்த்து வைப்ப."

"அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டான் கென்.

"தெரிய வேண்டாம்."

"சரிண்ணே."

தெரிய வேண்டாம் என்று ஏன் சொன்னோம் என்று ரோலி பிறகு யோசித்துப் பார்த்ததுண்டு. கேட்டைப் பூட்டச் சொன்னவளிடம், ஆளையே நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றபின் ஜேசிபி வந்தது. வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக உள்ளே உட்கார்ந்திருந்தது யார் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மஞ்சள் வண்டியின் ஒரு பக்கக் கதவு மட்டும் பச்சை. பழைய கதவு கழன்று விழுந்தபின் வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. மாடி ஜன்னலில் நின்றிருந்த ப்ரெண்டா பச்சைக் கதவைப் பார்த்தாள். திரையை இழுத்து மூடினாள்.

ரோலி வயல் கேட்டருகே நின்று கடைசிவரை பார்த்தார். ரயில் கட்டைகளும் நிலக்கரியும் வைக்கோலும் எரிப்பதற்காக அடுக்கியிருந்த நீளமான மேட்டின்மீது, கென் ஒவ்வொரு மாடாக இறக்கினான். வண்டியின் வாளியைக் கட்டைகளோடு ஒட்டத் தாழ்த்தி, சாய்த்து, மெதுவாக உருட்டிவிட்டான். எறியவில்லை. எல்லா மாட்டின் தலையும் ஒரே பக்கம் பார்த்திருந்தது. பொழுது சாய்ந்தபின் வண்டியை நிறுத்தி இறங்கி, கேட்டைப் பார்த்துச் சற்று நேரம் நின்றான். ரோலி கையை உயர்த்தவில்லை. கென்னும் உயர்த்தவில்லை.

"கென் பிர்கெட் இனிமே இந்த வாசல்ல காலை வைக்கக் கூடாது," என்றாள் ப்ரெண்டா அன்றைக்கு. "நம்ம மேஜைல சாப்பிட்டவன். எப்படி மனசு வந்தது?"

ரோலி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

அதன்பிறகு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் எதிர்பார்த்த மாதிரி அழவுமில்லை, குடிக்கவுமில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். விடியுமுன் விழிப்பு வந்தது, பழக்கம். எழுந்து கொட்டகைக்குப் போய், மாடுகளுக்காக வைத்திருந்த வானொலியைப் போட்டுவிட்டு, ஏற்கனவே சுத்தமாக இருந்த தரையைக் கழுவிவிட்டார். வயலில் எரிந்தது எரிந்து தணிந்தது. நாற்றம் திரைச்சீலைகளில் தங்கி, ப்ரெண்டா இரண்டு முறை துவைத்தும் போகாமல், பிறகு போனது. ரோலிக்கு எப்போது போனது என்று தெரியவில்லை. கோடையில் புல் மேய ஆளில்லாமல் இடுப்புயரம் வளர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். புல் உயரமாக இருக்கிறது என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க எதுவும் வரவில்லை.

ப்ரெண்டா அவருடைய வேட்டைத் துப்பாக்கியைத் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அலமாரி காலியாக இருப்பதை ரோலி கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?"

"எனக்கு ஒண்ணுமில்லயே."

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் ப்ரெண்டா.

மறு வருடம் தொடக்கத்தில் நோய் முற்றிலும் போய்விட்டதாக அறிவித்தார்கள். பிப்ரவரியின் முதல் ஞாயிறு கச்சேரி என்று டோரீன் பப் வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்தாள். லின் பண்ணைக்கு வந்து, கொட்டகையில் ஒன்றும் செய்யாமல் நின்றிருந்த ரோலியைக் கண்டுபிடித்தாள்.

"கிதாரைத் தொட்டு எத்தனை நாளாச்சு?"

"தெரியல."

"பரவாயில்ல. தொட்டுட்டிருந்தப்போ மட்டும் கிழிச்சியா என்ன? ஞாயித்துக்கிழமை வந்துடு."

ரோலி அவளைப் பார்த்தார். மாட்டேன் என்றால் அவள் ஏன் என்று கேட்பாள். அதற்குக் காரணம் தேட வேண்டும். வருவது சுலபமாகத் தோன்றியது. "சரி," என்றார்.

லின் போகவில்லை. செருப்பின் நுனியால் தரையைத் தேய்த்தாள். "கென்னையும் வரச் சொல்லிட்டேன், ரோலி. டிரம்ஸுக்கு வேற ஆள் இல்ல. இருந்தாலும் கூப்பிட மாட்டேன். உனக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடு."

"சங்கடம் ஒண்ணுமில்ல," என்றார். உண்மையிலேயே ஒன்றுமில்லை.

ப்ரெண்டாவுக்குத்தான் இருந்தது. "அவன் இருந்தா நான் வரமாட்டேன்," என்று சனிக்கிழமை வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம் ரோலி காரில் கிதாரை ஏற்றியபோது, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கடந்த ஒரு வருடமாக அவரை எங்கேயும் தனியாக அனுப்பும் வழக்கம் அவளுக்கு இல்லை.

பப் நிரம்பி வழிந்தது. இவ்வளவு பேரை ஒரே அறையில் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்ததால், எல்லோரும் சற்று உரக்கவே பேசினார்கள். ஈரக் கம்பளி நாற்றம், வறுத்த வெங்காய நாற்றம். நாய்கள் மேஜைக்கடியில் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டிருந்தன. "வா கண்ணு," என்று டோரீன் ரோலியின் கையில் ஒரு கிளாஸைத் திணித்து, அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பலர் அவர் தோளைத் தொட்டார்கள். தோளில் கை படுகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

கென் கடைசியாக வந்தான். டிரம்ஸ் பெட்டிகளைக் கொண்டுவர அவனுக்கு நான்கு நடை ஆகும். வழக்கமாக ஆளாளுக்கு எழுந்து ஒரு கை கொடுப்பார்கள். அன்றைக்கு யாரும் எழவில்லை. பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு மாடு போயிருந்தது. அவர்கள் பண்ணைகளில் குழி வெட்டியது வெளியூர் வண்டிகள். உள்ளூர்க்காரன் ஒருவன் போனது ஒரே ஒரு பண்ணைக்கு, அதுவும் கூடவே வாசிக்கிறவர் பண்ணைக்கு. ஊருக்கு அது போதுமாயிருந்தது. ஜெஃப் மட்டும் கிதாரை வைத்துவிட்டுப் போய் பெரிய டிரம்மைத் தூக்கி வந்தான். கென் இளைத்திருந்தான்.

"அண்ணே," என்றான் ரோலியைப் பார்த்து.

"கென்," என்றார் ரோலி.

லின் பேசிக்கொண்டே இருந்தாள். மைக்கைத் தட்டினாள், ஒயரை மிதித்த ஒரு நாயைத் திட்டினாள், கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் இப்போதே போய்த் தொலையும்படி கேட்டுக்கொண்டாள். சிரிப்பு கேட்டது. பிறகு கென் குச்சிகளைத் தட்டி எண்ண, ஆரம்பித்தார்கள்.

ரோலியின் விரல்கள் தாமாகப் போயின. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் பாட்டு ஒரு லாரிக்காரனைப் பற்றியது, லின் எழுதியது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று நின்று மறுபடி எடுக்க வேண்டும். இருபது வருடமாக ரோலி அங்கேதான் சறுக்குவார். அன்று நின்றார், எடுத்தார். கென்னின் காலுக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை. இரண்டாவது பாட்டும் அப்படியே. லின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், கேலி செய்வதற்கல்ல. எதிரே ஜனங்கள் காலால் தாளம் போட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோலி அவர்களைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களைப் போலப் பார்த்தார். நன்றாகத்தான் வாசிக்கிறோம் போல என்று தோன்றியது. தோன்றிய எண்ணம் அப்படியே போய்விட்டது.

இடைவேளையில் டோரீன் பெரிய தட்டுகளில் ரொட்டியும் கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் ஊறுகாய் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். கென் தன் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. அவன் பக்கம் தட்டும் போகவில்லை.

கணப்பின் அருகில் ஐசக் டாட் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், பள்ளத்தாக்கின் மேல்கோடிப் பண்ணைக்காரர். அவருக்கும் மாடு, ஆடு எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாவது கிளாஸோ நான்காவதோ கையில் இருந்தது.

"வெளிய நிக்குதே, அந்தப் புது வண்டி. உன்னதா கென்?"

"ஆமா பெரியவரே."

"நல்லாருக்கு. எதுல ஓடுது? டீசலா? இல்ல, ரோலி மாட்டுக் கொழுப்பா?"

பேச்சு மேஜை மேஜையாக அடங்கியது. "ஐசக், இங்க வேண்டாம் கண்ணு," என்றாள் டோரீன்.

"ஏன் வேண்டாம்? எங்க வீட்டுக்கு வந்தவன் எவன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவனை என்னத்தைத் திட்டறது? இவனைத் தெரியும். கூட நின்னு வாசிக்கறவனோட மாட்டை அள்ளிக் கொளுத்திட்டு, இப்ப வந்து அவன் பக்கத்துலயே உட்கார்ந்து டமடமன்னு அடிக்கிறான். மனுசனா இவன்?"

கென் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான். ஜன்னலோரத்தில் ப்ரெண்டாவின் முகம் கல்லாக இருந்தது. ஐசக் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தப்பாகப் படவில்லை என்பது ரோலிக்குத் தெரிந்தது.

ரோலிக்குக் கோபம் வரவில்லை. பயம், வெட்கம் எதுவும் வரவில்லை. ஒரு வருடமாகத் தொண்டையில் நின்ற விஷயம், அன்றைக்குச் சொல்ல எந்தத் தடையும் இல்லாததாக இருந்தது. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"நான்தான் அவனைக் கூப்பிட்டேன்."

"என்ன?" என்றார் ஐசக்.

"நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். நான் விடல. யாரோ வந்து இழுத்துட்டுப் போறதுக்குப் பதிலா இவன் வைக்கட்டும்னு நினைச்சேன். நல்லா வச்சான். ஒண்ணைக்கூட எறியல." கொஞ்சம் யோசித்தார். "ப்ரெண்டாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நான்தான். அதனாலதான் அவன் யார்கிட்டயும் சொல்லல."

ரோலி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. கிதாரின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு லின்னிடம், "அடுத்தது எது?" என்று கேட்டார்.

"ஆட்டுச் சந்தை," என்றாள் லின்.

கென் எண்ணவில்லை. அவன் தலை குனிந்திருந்தது, தோள்கள் குலுங்கின. ரோலி அவனுக்காகக் காத்திருந்தார். அவன் எண்ணுகிறமாதிரி இல்லை. ஆகவே தானே ஆரம்பித்தார். தனி பேஸ் கிதார் கேட்பதற்கு அப்படியொன்றும் இனிமையாக இருக்காது. பக்கத்து அறையில் யாரோ பீப்பாய் உருட்டுவது போலிருக்கும். அதையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தார். எத்தனையாவது சுற்றிலோ கென்னின் கால் சேர்ந்துகொண்டது. பிறகு கைகள். பிறகு ஜெஃப். லின் பாடினாள், குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

அந்த இரண்டாம் பாதி முழுக்க ரோலி ஒரு தப்பும் செய்யவில்லை. கடைசிப் பாட்டின்போது ஜெஃப் அவர் கையைப் பார்த்துவிட்டு, "ரோலி, ரத்தம்!" என்று வாயசைத்தான். வலது கையின் இரண்டு விரல்நுனியும் பிய்ந்து, கிதாரின் வெள்ளைத் தகட்டில் சிவப்பாகக் கோடு இழுத்திருந்தது. ஒரு வருடம் மாடு தொடாத கை மிருதுவாகியிருந்தது. ரோலி பார்த்தார். வலிக்கவில்லை. முடித்துவிட்டு டோரீன் கொடுத்த துணியில் சுற்றிக்கொண்டார்.

ஐசக் டாட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தவர், கென்னின் முன்னால் நின்றார். பிறகு குனிந்து, டிரம்ஸ் பெட்டிகளில் இருப்பதிலேயே கனமானதைத் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார். "வைங்க பெரியவரே, முதுகு போயிடும்," என்று கென் பின்னாலேயே ஓடினான்.

வெளியே மழை விட்டிருந்தது. வண்டியில் பெட்டிகளை அடுக்கும்போது கென் ரோலியிடம் வந்தான்.

"நீங்க சொல்லியிருக்க வேண்டாம்ண்ணே."

"ஏன், பொய்யா?"

"அதுக்கில்ல." கென் வண்டியின் மீது கையை வைத்தான். "ஜேசிபிய வித்துட்டேன். அதுக்கப்புறம் அதுல ஏறி உட்கார முடியல. அந்தக் காசுலதான் இது. இப்ப மரம் ஏத்தறேன்."

"பச்சைக் கதவோட வித்தியா?"

"அதையும் சேர்த்துதான்."

ரோலி தலையசைத்தார்.

ப்ரெண்டா காரை எடுத்தாள். கிராமத்தைத் தாண்டியதும், பாலத்தருகே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தாள்.

"ஒரு வருசம்! கடையில கென் பொண்டாட்டி ஷீலாவைப் பாத்தா முகத்தைத் திருப்பிட்டுப் போயிருக்கேன். பக்கத்துல நின்னு அவ புருசனைப் பத்திக் காதுல விழற மாதிரி பேசியிருக்கேன். நீங்க பாத்துட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"கேட்டைப் பூட்டச் சொன்ன. நான் ஆளைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்றது?"

"இன்னிக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்களாம்?"

ரோலி யோசித்தார். "இன்னிக்கு ஒண்ணும் தோணல."

ப்ரெண்டா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். சத்தமாக, திட்டிக்கொண்டே அழுதாள். அவரை, கென்னை, மாடுகளை, அரசாங்கத்தை, தன்னை. ரோலி துணி சுற்றிய கையை அவள் முதுகில் வைத்தார். அங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது, அதனால் வைத்தார். அவள் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் கொட்டகையிலிருந்து திரும்பியபோது கார் இல்லை. மதியத்துக்குத்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "ஷீலா வீட்டுல இருந்தேன்," என்றாள். "முதல்ல கதவையே திறக்கல. வாசல்லயே நின்னேன்." வேறு விவரம் அவர் கேட்கவில்லை. அவள் சொன்னதும் இல்லை. ஆனால் மார்ச் மாதக் கச்சேரிக்கு இரண்டு பெண்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு. கென்னுக்குத் தட்டு போயிற்று.

ரோலி அந்த மாதமும் தப்பில்லாமல் வாசித்தார். ஏப்ரலிலும் அப்படியே. ஜனங்கள் பாராட்டினார்கள். லின்னுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "மெஷின் மாதிரி வாசிக்கறான்யா. எனக்குப் பயமா இருக்கு," என்று ஜெஃபிடம் சொன்னாளாம்.

ஜூனில், லாரிக்காரன் பாட்டில், எல்லோரும் சட்டென்று நிறுத்திய இடத்தில், ரோலி மட்டும் நிறுத்தாமல் தனியே நாலு தாளம் வாசித்துப் போய்விட்டார். லின் மெதுவாகத் திரும்பினாள். அவள் வாய் சிரிப்பில் கோணியது. "மன்னிக்கணும் ஜனங்களே," என்றாள், குரல் தழுதழுக்க, "நம்ம ரோலி..." முடிக்கவில்லை. கூரை பிய்ந்துபோகிற ஆரவாரம். கென் குச்சியால் டிரம்ஸின் பித்தளைத் தட்டைத் தாறுமாறாக அடித்தான்.

ரோலிக்குக் காது மடல் சுட்டது. சூடு கழுத்துவழி இறங்கி முகமெங்கும் பரவியது. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பது தாங்கவில்லை. வெட்கம்தான் அது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. அதன்பின் அந்தப் பாட்டை அவரால் சரியாக எடுக்கவே முடியவில்லை. அவர் இல்லாமலே முடித்தார்கள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மறுநாளே பழைய மரத்த நிலை திரும்பிவிட்டது. பல நாள் இருந்தது, சில நாள் இல்லாமல் இருந்தது. டாக்டரைப் பார்க்க ஒத்துக்கொண்டார், மாத்திரை சாப்பிட்டார், பாதியில் விட்டார், ப்ரெண்டா கத்தியதும் மறுபடி சாப்பிட்டார்.

இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்து ஒரு லாரி கிடேரிகள் வாங்கினார்கள். முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. அவற்றை இறக்க கென்னும் வந்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, கை விரித்து, அவற்றைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். புது இடம், ஒன்றும் உள்ளே போகமாட்டேனென்றது. ஒன்று திரும்பி ஓடி ப்ரெண்டாவின் காய்கறிப் பாத்தியில் புகுந்தது.

"அந்த வெள்ளை மூஞ்சிய முதல்ல விடுங்கண்ணே. மத்தது பின்னாலயே போகும்."

"உனக்கு மாட்டைப் பத்தி என்னடா தெரியும்? அந்தக் கறுப்புதான் தலைவி."

"கறுப்பா? அது நின்னுட்டே தூங்குது பாருங்க."

வாதம் முடிவதற்குள் இரண்டையும் விட்டுவிட்டு, நோஞ்சானாக இருந்த ஒரு கிடேரி தானாக உள்ளே நடந்து போய், வெறும் தொட்டியை நக்க ஆரம்பித்தது.